21 நாள் அடை, ஒரே வாரத்தில் கூடு காலி: வீட்டுக் கோழிகளைக் கழிச்சல் நோயிலிருந்து காப்பாற்றுவது எப்படி?

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் மேஞ்சுது. காலையில பார்த்தா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது." நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அடுத்த இரண்டு நாளில் பக்கத்து வீட்டுக் கோழியும் அதேபோல நிற்கும். ஒரு வாரத்தில் தெருவே காலியாகிவிடும்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. இங்கிருந்து அமிர்தி பக்கம் திரும்பினால் ஜவ்வாது மலை தொடங்கிவிடும். இந்தப் பகுதி கிராமங்களில் பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அதுதான் அவசரச் செலவுக்கான உண்டியல். அந்த உண்டியலை ஒரே வாரத்தில் உடைக்கும் நோய்க்கு மருந்து இல்லை. ஆனால் தடுப்பூசி உண்டு. அதைத் தயாரிக்கும் அரசு நிலையம் பக்கத்து ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் கோழிகள் சாகின்றன? அடை வைப்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடை வைக்க எந்த முட்டை சரி?

பெட்டைக் கோழியுடன் சேவலும் மேய்ந்தால்தான் முட்டையில் கரு இருக்கும். கடையில் வாங்கும் பண்ணை முட்டையை அடை வைத்தால் குஞ்சு வராது.

ரொம்பப் பெரியது, ரொம்பச் சிறியது, கீறல் விழுந்தது, ஓடு மெலிந்தது இவற்றை ஒதுக்கிவிடுங்கள். முட்டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே நுழையும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

முட்டையைச் சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே, அகன்ற பக்கம் மேலே இருக்கட்டும். சாதாரணமாக ஒரு வாரம் வரை வைக்கலாம். ஆனால் வேலூர் வெயிலில் இந்தக் கணக்கு செல்லாது. சூடு அதிகமானால் அடை வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துவிடும். அதனால் கோடையில் மூன்று, நான்கு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். ஈர மணல் மீது மண்சட்டியை வைத்து, அதில் முட்டையை அடுக்கி, பருத்தித் துணியால் மூடி வைத்தால் சூடு தணியும். ஃபிரிட்ஜில் வைத்த முட்டையை அடைக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

கோழியா, இன்குபேட்டரா?

நாட்டுக்கோழி நல்ல அடைக்கோழி. அதிலும் சிறுவிடைக் கோழி அடையில் கெட்டிக்காரி. அதன் உடலால் மூடக்கூடிய அளவுக்குத்தான் முட்டை வைக்க வேண்டும். 10 முதல் 12 வரை சரியான அளவு. அதற்கு மேல் வைத்தால் ஓரத்தில் இருக்கும் முட்டைக்குச் சூடு கிடைக்காது, மாறி மாறி எல்லாமே கெடும்.

கூடையில் மணல் பரப்பி, அதன் மேல் வைக்கோல் போட்டு, இருட்டான காற்றோட்டமுள்ள மூலையில் வைப்பது வழக்கம். இடிச்சத்தம் முட்டையைக் கெடுத்துவிடும் என்று இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுபவர்கள் உண்டு. அது நம்பிக்கை. முட்டைக்கு உண்மையில் வேண்டியது பேன், செல் இல்லாத கோழிதான். அடையில் உட்காரும் கோழியைச் செல் பூச்சி மொய்த்தால் அது பாதியிலேயே எழுந்து போய்விடும். அடை வைக்கும் முன் இறக்கைக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்குபேட்டர் என்றால் கவனிக்க வேண்டியவை இவை:

• விசிறி உள்ள கருவியில் வெப்பம் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ்.
• முதல் 18 நாள் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். கடைசி 3 நாள் 65 முதல் 70 சதவீதம்.
• ஒரு நாளில் குறைந்தது 3 முதல் 5 முறை முட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கோழி இந்த வேலையைத் தானே அலகால் செய்துகொள்ளும்.
• 18-வது நாளுக்குப் பிறகு திருப்பவும் கூடாது, அடிக்கடி மூடியைத் திறக்கவும் கூடாது.

ஏழாம் நாள் இரவு, இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம்.

21-ம் நாள் குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கும். அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். கொத்தத் தொடங்கிய பிறகு வெளியே வரச் சில சமயம் ஒரு நாள் கூட ஆகும். அந்த நேரத்தில்தான் மீதி மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்வில் உள்ள ரத்தம் வற்றுகிறது. நாம் பிரித்துவிட்டால் ரத்தப்போக்கில் குஞ்சு செத்துப்போகும்.

முதல் நான்கு வாரம் ஏன் முக்கியம்?

பிறந்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம்.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். பல்பை விட்டு ஓரமாக ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் எல்லாம் சரி.

தரையில் உமி அல்லது தேங்காய் நார்க்கழிவு பரப்புங்கள். ஈரமாகவே இருக்கும் தரையில்தான் ரத்தக்கழிச்சல் வரும். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது வேறு நோய், அதற்கு மருந்து உண்டு. உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

ஊரகப் பெண்களுக்கான தமிழக அரசின் நாட்டுக்கோழித் திட்டத்தில் நான்கு வார வயதான 40 குஞ்சுகள் மானிய விலையில் கொடுக்கப்பட்டன. ஒருநாள் குஞ்சாகக் கொடுக்காமல் நான்கு வாரக் குஞ்சாகக் கொடுத்ததில் ஒரு நன்மை உண்டு. ஆபத்தான இந்தச் சூட்டுக் காலத்தைக் குஞ்சுகள் தாண்டியிருக்கும்.

கழிச்சல் நோய் என்பது என்ன?

மக்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் இந்த நோய் ஒரு வைரஸால் வருகிறது. உலகம் முழுக்க இதன் பெயர் நியூகாசில் நோய். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். 1920-களின் கடைசியில் இமயமலை அடிவாரத்தில் உள்ள ராணிக்கெட் ஊரில் பதிவானதால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்கிறோம்.

பெயரைக் கேட்டு ராணிப்பேட்டையில் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். ராணிக்கெட் நோய் வந்த ஊர், ராணிப்பேட்டை தடுப்பூசி செய்யும் ஊர். 1932-ல் மாடுகளின் வெக்கை நோய்க்கு எதிரான மருந்துக்காகத் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம்தான் இன்று தமிழக அரசுக்காகக் கோழித் தடுப்பூசியையும் தயாரிக்கிறது. வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்டுவிட்டது. கோழிக் கழிச்சல் இன்னும் ஒழியவில்லை.

அறிகுறிகள்: பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், இரை எடுக்காமல் தூங்கி வழிவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து திருகிக்கொள்வது, இறக்கை அல்லது கால் விழுந்துபோவது. தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒன்றுவிடாமல் எல்லாமே சாகக்கூடும்.

பிறந்து சில நாளே ஆன குஞ்சு வெள்ளையாகக் கழிந்து, பின்பக்கம் ஒட்டிக்கொண்டு இறந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும் வேறொரு கழிச்சல். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே வரும். அடுத்த முறை அந்தக் கோழியின் முட்டையை அடை வைக்க வேண்டாம்.

தடுப்பூசி எப்போது, எப்படி?

• 7-ம் நாள்: எஃப்-1 அல்லது லசோட்டா சொட்டு மருந்து. கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு.
• 4-ம் வாரம்: லசோட்டா மறுமுறை.
• 6, 7-ம் வாரம்: அம்மைத் தடுப்பூசி, இறக்கைச் சவ்வில்.
• 8-ம் வாரம்: ராணிக்கெட் ஊசி, அரை மி.லி., இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழ்.

முதல் நாளே ஏன் போடுவதில்லை? தடுப்பூசி போட்ட தாய்க்கோழியின் குஞ்சுக்கு முட்டை வழியாகக் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி வந்திருக்கும். அது மருந்தையே முறித்துவிடும். 8-ம் வார ஊசியைக் குஞ்சுக்குப் போட்டால் என்ன? அது கொஞ்சம் வீரியமான வைரஸ். சின்னக் குஞ்சு தாங்காது, நோயே வந்துவிடலாம்.

நோய் வந்த கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. தடுப்பூசி நோய் வருவதற்கு முன் போடுவது. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் அரைத்துக் கொடுப்பது கோழிக்குத் தெம்பு தரலாம். தடுப்பூசிக்கு அது ஈடாகாது.

பிறகு ஏன் கோழிகள் சாகின்றன?

தமிழகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. கோடையில் நோய் வேகமாகப் பரவும் முன்பே கோழிகளுக்குப் பாதுகாப்பு கொடுப்பதுதான் நோக்கம். ஊசி இலவசம்.

சிக்கல் இங்கேதான். பிப்ரவரியில் ஊசி போட்ட கோழி மார்ச்சில் அடை உட்காரும். ஏப்ரலில் பொரித்த குஞ்சுக்கு யார் ஊசி போடுவது? அடுத்த முகாம் வரை அந்தக் குஞ்சுக்கு எந்தக் கவசமும் இல்லை.

"ஒரு பாட்டில் வாங்கிப் போட்டுக்கலாமே" என்று கேட்கலாம். மருந்துப் புட்டி 100, 200 கோழிக்கான அளவில்தான் வரும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

தீர்வு எளிது. நாலைந்து வீட்டுக்காரர்கள் பேசி வைத்து ஒரே சமயத்தில் அடை வையுங்கள். குஞ்சுகளுக்கு ஒரே வயது இருக்கும். ஏழாம் நாள் மகளிர் குழு மூலமாகக் கால்நடை மருந்தகத்தில் சொல்லி, ஒரே காலையில் எல்லாக் குஞ்சுக்கும் சொட்டு மருந்து போடலாம். ஒரு புட்டியும் வீணாகாது, தெருவில் எந்த வீடும் விட்டுப்போகாது. கோழிகள் வேலி பார்த்து மேய்வதில்லை என்பதால் ஒரு வீடு மட்டும் போட்டுப் பயன் குறைவு.

குளிர் தேவையைக் குறைக்கவும் வழி தேடப்படுகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனிபோல் கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பூசியை உருவாக்கியுள்ளது. ஆஸ்திரேலியாவில் உருவான ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் தடுப்பூசியை மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் ஊர்ப் பெண்களே கண்சொட்டாகப் போடுகிறார்கள்.

சந்தைக்குப் போகும் நோய்

கோழி தூங்கினால் பலர் செய்யும் முதல் வேலை, சாகும் முன் விற்றுவிடுவது. நஷ்டத்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள், அதில் ஒரு நியாயம் தெரியும். ஆனால் அந்தக் கோழி வாங்கியவர் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். அதேபோல அடுத்த சந்தையில் நீங்கள் வாங்கும் கோழி உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்.

அதனால் இந்த நான்கை மறக்க வேண்டாம்:

1. புதிதாக வாங்கிய கோழியை 2 முதல் 3 வாரம் தனியாக அடையுங்கள். கிருமி உடலில் புகுந்து நோய் வெளியே தெரிய 15 நாள் வரை ஆகலாம்.
2. சந்தைக்குப் போய் வந்த செருப்போடும் கூடையோடும் கோழிக்கூட்டுக்குள் போகாதீர்கள்.
3. நோய்க் கோழியை விற்கவோ, அறுத்துக் கழிவைத் தெருவில் போடவோ வேண்டாம்.
4. இறந்த கோழியை ஓடையிலோ ஏரியிலோ வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

பறவைக் காய்ச்சலாக இருந்தால்?

கழிச்சல் நோயும் பறவைக் காய்ச்சலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2024 பிப்ரவரியில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்திலும், 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் பறவைக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆந்திர எல்லையில் இருக்கும் மாவட்டம். எனவே ஒரே நேரத்தில் நிறையக் கோழிகளோ, காக்கை போன்ற பறவைகளோ இறந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற இலவச எண்ணுக்கோ சொல்லுங்கள். சோதனைக்கூடம்தான் எது என்று சொல்ல முடியும்.

கோழி 21 நாள் பசி, தாகம் பார்க்காமல் அடையில் உட்காருகிறது. 22-ம் நாளிலிருந்து வேலை நம்முடையது. இப்போது உங்கள் வீட்டில் கோழி அடையில் இருந்தால், குஞ்சு பொரிக்கும் தேதியிலிருந்து ஏழு நாள் எண்ணிக் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.