வார்னிஷுக்கு அடியில் அரக்கு

ஈட்டி மர நாற்காலியைத் தேய்த்துச் சுத்தம் செய்து எண்ணெய் வார்னிஷ் அடித்தால், சில சமயம் நாள் கணக்கில் பிசுபிசுப்பு போகாது. வார்னிஷ் கலப்படம் என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ஆனால் கோளாறு பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கிறது. அதற்கு மருந்து, நம் நாட்டுக் காடுகளில் விளையும் அரக்கு.

எண்ணெய் வார்னிஷ் காய்வது ஈரத்துணி உலர்வதைப் போன்றதல்ல. கரைப்பான் ஆவியான பிறகு, அதிலுள்ள எண்ணெய் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பிணைய வேண்டும். அப்போதுதான் படலம் இறுகும். இந்த வினையை நடத்திச் செல்பவை தனி உறுப்புகள் எனப்படும் துடிப்பான துணுக்குகள். ஈட்டியின் வைரத்தில் உள்ள பீனால் வகைச் சேர்மங்கள் அவற்றைப் பிடித்து அடக்கிவிடுகின்றன. பூஞ்சையிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் மரத்தைக் காக்கும் பொருட்களே வார்னிஷை இறுக விடாமல் செய்கின்றன. எண்ணெய்ப்பசை மிகுந்த தேக்கிலும் இந்தத் தொல்லை வருவதுண்டு.

அரக்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால், ஸ்பிரிட் பறந்ததும் பிசின் படலமாக நின்றுவிடும். ஆக்சிஜனும் வேண்டாம், வினையும் வேண்டாம். ஆகவே பீனாலுக்குத் தடுக்க ஒன்றுமில்லை. அந்த மெல்லிய படலம் மரத்தின் சாரத்தைக் கீழேயே நிறுத்திவிட, மேலே பூசும் வார்னிஷ் ஒழுங்காக இறுகுகிறது.

கெர்ரியா லாக்கா என்ற சிறு பூச்சி புரசு, இலந்தை, பூவம் மரங்களின் இளங்கிளைகளில் சாறு உறிஞ்சி, தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின்தான் அரக்கு. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் இதற்குப் பேர்போனவை. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-லேயே அரக்கு ஆராய்ச்சிக்கென்று தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. அரக்கு என்பது ஹைட்ராக்சி அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் கோக்கப்பட்ட இயற்கைப் பாலியெஸ்டர். அதிலுள்ள ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகள் மரத்தையும் மேல்பூச்சையும் நன்றாகப் பற்றிக்கொள்கின்றன.

பழைய சாமான்களைப் புதுப்பிக்கும்போது இதன் அருமை இன்னும் தெரியும். சிலிக்கோன் கலந்த பாலிஷ் போட்டுத் துடைத்த மேசையில் புது வார்னிஷ் ஒட்டாமல் விலகி, வட்ட வட்டக் குழிகள் விழும். அரக்குப் பூச்சு அந்தச் சிலிக்கோனை அடியில் சிறைவைக்கிறது. பைன் கணுக்களின் பிசினையும் வெளியே வர விடுவதில்லை. தண்ணீரில் கலந்த பூச்சு நேரடியாகப் பட்டால் மரநார்கள் சிலிர்த்து எழும். முதலில் அரக்கு பூசி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் அது பெரிதும் குறையும். அத்தகைய பூச்சுகளில் வெளிறித் தெரியும் மரத்துக்கு அரக்கின் இளம்பொன் நிறம் களை கூட்டவும் செய்யும்.

ஆனால் கிடைத்த அரக்கையெல்லாம் இதற்குப் பயன்படுத்திவிட முடியாது. சாதாரண அரக்கில் ஏறக்குறைய 5 சதவீதம் மெழுகு உண்டு. கரைசல் கலங்கித் தெரியக் காரணம் அதுதான். அந்த மெழுகின் மேல் பாலியூரித்தேன் (பி.யூ.) வார்னிஷ் சரியாக ஒட்டாமல் பின்னால் உரியக்கூடும். எனவே மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குச் செதில்) என்று கேட்டு வாங்க வேண்டும்.

லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 120 கிராம் செதில் போதும். முழுதாகக் கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஒன்றிரண்டு கோட் மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். கனமாகப் பூசினால் பயனில்லை. கரைத்த அரக்கு நாளாக ஆக ஸ்பிரிட்டோடு வினைபுரிந்து இறுகும் குணத்தை இழக்கும்; தேவைக்கு மட்டும் கரைப்பது நல்லது. ஸ்பிரிட் தீப்பற்றும், ஆவியும் நச்சு; காற்றோட்டமான இடம் அவசியம். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பி.யூ. என்றால், தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்து, துண்டுப் பலகையில் சோதித்த பிறகே இறங்க வேண்டும்.

அரக்கை மட்டும் மேல்பூச்சாக விட்டால் சூடான பாத்திரம் தடம் பதிக்கும். ஸ்பிரிட் பட்டால் கரையும். காரச் சோப்பும் அரிக்கும். இந்தக் குறைகளால்தான் பல பட்டறைகளில் அது வழக்கொழிந்தது. அடிப்பூச்சாகப் பூசினாலோ, அடியையும் சூட்டையும் மேலே உள்ள வார்னிஷ் தாங்கிக்கொள்கிறது. மரத்தோடும் மேல்பூச்சோடும் ஒட்டுகிற வேலை அரக்கினுடையது. புதிய பூச்சு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய பிசினைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டும் சேரும்போதுதான் மரத்துக்கு முழுக் காப்பு.