தாழ்சரிவுக் கூரையும் காற்றின் விசையும்

தோட்டக் குடியிருப்புகளில் குடும்பம் பெருகும்போது வீட்டின் பின்புறம் சமையற்கட்டு ஒன்றை நீட்டிக் கட்டுவது நம்மிடையே வழக்கம். அதன் தகரக் கூரை பெரும்பாலும் மிகத் தாழ்ந்த சரிவுடன் அமைகிறது. 'கூரை தாழ்ந்திருந்தால் காற்று அதன் மேலாகச் சென்றுவிடும்' என நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரியன்று.

சுவரில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி, கூரையின் விளிம்பிலேயே அதனை விட்டு விலகி எழும்புகிறது. அதனால் கூரையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. வீட்டினுள் இருக்கும் காற்று தகரத்தை மேலே தள்ளுகிறது. சரிவு மிகுந்த கூரையிலோ, எதிர்வரும் காற்று சரிவின்மீது நேரே மோதுவதால் தூக்கும் விசை குறைகிறது.

இக்காரணம் பற்றியே, காற்றுச் சுமையைக் கணக்கிடும் பொறியியலாளர் கூரைகளை வகைப்படுத்துகின்றனர். 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.எஸ். 1553 என்னும் மலேசியத் தரநெறி, 10 பாகைக்குக் குறைந்த சரிவுடைய கூரைகளுக்குத் தனிக் கணக்கு வகுத்துள்ளது. மட்டமாகப் பிடித்த கயிற்றில் 1 மீட்டர் அளந்து, அந்நீளத்திற்குள் கூரை 18 சென்டிமீட்டருக்குக் குறைவாக உயர்ந்திருந்தால், அது தாழ்சரிவுக் கூரை என நாமே அறியலாம்.

மேற்குக் கரையில், பால்மரம் வெட்டப் புறப்படும் விடியல் வேளையில் வீசும் 'சுமத்திரா' சூறைக்காற்றை நாம் அறிவோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தாழ்சரிவுக் கூரையின் முன்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 22 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் மேலே இழுக்கும். அதே பரப்புள்ள தகரத்தின் எடையோ 5 கிலோ அளவே. விளிம்புகளை ஒட்டிய பகுதிக்கு இவ்விசையை இரு மடங்கு வரை கூட்டிக் கணக்கிடுவர். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

ஆகவே, கல்லையும் பழைய டயரையும் கூரைமீது ஏற்றி வைப்பது காப்பாகாது. தகரம் பெயரும்போது அவை மனிதர்மீது விழுந்து உயிருக்கே ஊறு செய்யும். ஆணிக்குப் பதிலாகத் திருகாணி பொருத்துதல் வேண்டும். விளிம்புகளிலும் மூலைகளிலும் அவற்றை நெருக்கமாக முடுக்குதல் வேண்டும். தகரத்தைத் தாங்கும் சட்டங்களைத் தூண்களுடனும், தூண்களை அடித்தளத்துடனும் இரும்புப் பட்டைகளால் பிணைத்தல் இன்றியமையாதது. இவற்றுள் ஓர் இணைப்புத் தளர்ந்தாலும் மற்றவற்றால் பயனில்லை.

நிருவாகத்தின் இசைவு பெற்று வீட்டை நீட்டும்போதே இவற்றைச் செய்துகொள்வோமாக. சில திருகாணிகளுக்கு ஆகும் செலவு, பறந்துபோன கூரைக்கும் அதனடியில் உறங்கும் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய தீங்கிற்கும் முன்னே மிகச் சிறிதே.