தேயிலை துறைமுகத்தில் இறங்கினால்

அமெரிக்காவுக்கு வரும் தேயிலையைச் சுங்கத் துறையும் உணவு மருந்து நிர்வாகமும் தனித்தனியே பார்க்கின்றன. சரக்கு எந்த எண்ணில் அடங்கும் என்பது சுங்கத்தின் முதல் கேள்வி. தேயிலைச் செடியின் இலை என்றால் 0902. பச்சையா கறுப்பா, பொட்டலம் 3 கிலோவுக்குள்ளா என்பதைப் பொறுத்து அதில் நான்கு பிரிவுகள். கடையில் ‘டீ’ என்று விற்கும் மூலிகைகளுக்கு இந்த எண் கிடையாது. அடிப்படை அட்டவணைப்படி கறுப்புத் தேயிலைக்கு வரி இல்லை. மணமூட்டிய பச்சைத் தேயிலை சிறு பொட்டலமாக வந்தால் 6.4 விழுக்காடு.

உணவுச் சோதனையின் கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் பச்சைத் தேயிலையைப் பளிச்சென்று காட்ட, பிரஷ்ய நீலச் சாயமும் ஜிப்சமும் சேர்ப்பார்கள். 1883இல் வந்த சட்டம் போதாமல், 1897இல் தேயிலை இறக்குமதிச் சட்டம் வந்தது. பொது உணவுச் சட்டமே 1906இல்தான் வந்தது என்றால், தேயிலைக்கு இருந்த மவுசு புரியும். ஏழு நிபுணர்கள் கொண்ட குழு ஆண்டுதோறும் ரகவாரியாக ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கும். அதைவிட மட்டமான இலைக்கு அனுமதி இல்லை. சரக்கு பிணையின்பேரில் கிடங்கில் காத்திருக்கும். பரிசோதகர் குழுவின் மாதிரியையும் சரக்கின் மாதிரியையும் அடுத்தடுத்த கோப்பைகளில் இட்டுக் கொதிநீர் ஊற்றுவார், மணம் பார்ப்பார், ஒரு கரண்டி சாற்றைச் சத்தமாக உறிஞ்சித் துப்புவார். சாயம் பிடிக்க வேறு வழி: சலித்த தூளை வெள்ளைத் தாளில் தேய்த்து, படியும் நிறத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. தேறாத சரக்கை ஆறு மாதத்துக்குள் வெளியே அனுப்ப வேண்டும், இல்லையேல் அழித்துவிடுவார்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்த வணிகர்கள் 1904இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

அரசுச் செலவில் தேநீர் சுவைப்பதா என்ற கேலி வெகுகாலம் தொடர்ந்தும், 1996இல்தான் சட்டம் நீக்கப்பட்டது. கேலியில் நியாயமும் உண்டு. பழசாகிப்போன இலையை நாக்கு கண்டுபிடிக்கும். பூச்சிமருந்து எச்சம் அதற்கு அகப்படாது.

இன்று காகிதமும் ஆய்வகமும்தான். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவைத் தயாரித்து அனுப்பும் வெளிநாட்டு ஆலை பதிவு செய்திருக்க வேண்டும். சரக்கு வருமுன் அறிவிப்பும் தர வேண்டும். கப்பலானால் குறைந்தது 8 மணி நேரம், விமானமானால் 4 மணி நேரம் முன்பே. விற்பவரின் பாதுகாப்பு முறைகளைச் சரிபார்க்கும் பொறுப்பை 2011ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியாளர் தலையில் ஏற்றியது. ஒரு பூச்சிமருந்துக்குத் தேயிலையில் அனுமதி அளவு வகுக்கப்படவில்லை என்றால், அதன் எச்சம் சிறிது தென்பட்டாலும் கலப்படம்தான். மறுக்கப்பட்ட சரக்கை வெளியே அனுப்பவோ அழிக்கவோ 90 நாள் கெடு. திரும்பத் திரும்ப மாட்டும் நிறுவனம் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறினால், அதன் பெட்டியைத் திறக்காமலே தடுத்து வைப்பார்கள். சரக்கு சுத்தம் என்று ஆய்வறிக்கை காட்டுவது இறக்குமதியாளர் பாடு.