ஒட்டுண்ணியும் உடலின் தூதுவரும்

விலங்கியல் வகுப்பிலே ஒட்டுண்ணிகளின் வாழ்க்கை வட்டத்தை வண்ணப் பென்சிலால் வரைந்த நாட்களைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். ஒட்டுண்ணி உடலை என்ன செய்கின்றது என்பதையே அன்று பெரிதும் கற்றோம். உடல் ஒட்டுண்ணியை என்ன செய்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்கள் தனித்தனியே நின்று பொருவன அல்ல. சைற்றோகைன் எனப்படும் சிறு புரதங்களைச் சுரந்து, அவை ஒன்றுக்கொன்று செய்தி விடுக்கின்றன. இவற்றைத் தூதுப் புரதங்கள் எனலாம். எப்படை எழவேண்டும், எப்பொழுது அடங்கவேண்டும் என்பதை உணர்த்துவன இவையே.

எல்லா ஒட்டுண்ணிகளுக்கும் ஒரே படை பயன்படாது. குடற்புழுவை விழுங்கவல்ல கலம் எதுவுமில்லை. ஆகவே இன்ரலூக்கின் 4, இன்ரலூக்கின் 13 என்னும் தூதுவர், குடலிலே சளியைப் பெருக்கியும் தசையைச் சுருங்கச் செய்தும் அதனை வெளியே தள்ளுவிக்கின்றனர். மணல் ஈயின் கடியால் உட்புகும் லீஷ்மானியாவோ, தன்னை விழுங்கிய பெருந்தின்கலத்தினுள்ளேயே குடியிருந்து பெருகுவது. அதற்கு வேறு ஆணை வேண்டும். இன்ரலூக்கின் 12 தூண்ட, ரி-கலங்கள் இன்ரபெரோன் காமாவைச் சுரக்கின்றன. அதனால் விழிப்புற்ற பெருந்தின்கலம் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கி, உள்ளிருக்கும் பகையைக் கொல்கின்றது.

உதவி ரி-கலங்கள் இவ்வாறு இருவகைத் தூது விடுப்பதை, மொஸ்மன், கொஃப்மன் என்னும் அறிஞர் 1986 இல் சுண்டெலிக் கலங்களிற் கண்டனர். பின்னர் லீஷ்மானியா தொற்றிய சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, ஓரினம் குணமடைய, மற்றோரினம் மாண்டது. மாண்டவற்றில் எதிர்ப்பு எழாமலில்லை. புழுவுக்குரிய ஆணையை லீஷ்மானியாவுக்கு விடுத்தமையே அவற்றுக்குக் கேடாயிற்று.

எழுந்த படையை அடக்குவதும் இன்றியமையாதது. அழற்சி அளவுமீறின் உடலின் சொந்த இழையங்களே அழியும். இன்ரலூக்கின் 10 அதனைத் தணிக்கின்றது. அத்தணிப்பால் ஒட்டுண்ணிகள் சில, குணமடைந்த தோலிலும் எஞ்சுகின்றன. இது குறையன்றோ எனின், 2002 இல் வெளியான ஆய்வொன்று வியத்தகு விடை தந்தது. இன்ரலூக்கின் 10 இல்லாத சுண்டெலிகள் ஒட்டுண்ணியை அடியோடு ஒழித்தன. ஆயின் மறுமுறை தொற்றியபோது அதனை எதிர்க்கும் ஆற்றலை இழந்திருந்தன. எஞ்சிய சிறுபகையே காவலை விழித்திருக்கச் செய்தது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. வட இந்தியாவிலே மண்ணீரலை வீங்கச் செய்து உயிர் கவரும் காலா அசார் நோயை விளைப்பது லீஷ்மானியா டொனோவானி. அவ்வினமே இலங்கையிலே பெரும்பாலும் தோற்புண்ணாக வெளிப்படுகின்றது. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் அறியப்பட்டார். மனிதருக்கான தடுப்பூசி இன்னும் வழக்கிற்கு வரவில்லை. அதனை ஆக்க முயல்வோர், எதிர்ப்பை எழுப்பினாற் போதாது. தக்க தூதுவரை எழுப்பி, தக்க வேளையில் அடங்கவும் செய்தல் வேண்டும். வலிமையினும் அளவறிதலே உடலைக் காக்கின்றது.