கறுத்த கத்தாழையும் காணாமற்போன சுறாவும்

ஓர் உயிரினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டப்படும்போது, அப்பெயருக்குச் சான்றாக அவ்வினத்தின் உடல் ஒன்று பாதுகாத்து வைக்கப்படுவது விலங்கியலின் மரபு. வகைமாதிரி எனப்படும் அத்தகைய உடல்கள் பல, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி ஐரோப்பா சென்றன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் டேனியர் வசமாகி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட இத்துறைமுகம் டேன்ஸ்பர்க் கோட்டைக்காகவும் சீகன்பால்கின் அச்சுக்கூடத்துக்காகவும் பேசப்படுகிறதே தவிர, உலகின் அரிய உயிரினங்கள் சிலவற்றின் பிறப்புச் சான்று இங்கே எழுதப்பட்டது என்பது பரவலாக அறியப்படவில்லை.

1768இல் லின்னேயசின் மாணவரான யொகான் கெர்ஹார்டு கோனிக் மருத்துவராக இங்கு வந்தார். 1771இல் வந்து 1813இல் இறக்கும்வரை இவ்வூரிலேயே வாழ்ந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் மதபோதகர், கடலிலும் குளத்திலும் கிடைத்தவற்றைச் சேகரித்து, பெர்லின் மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்குஸ் எலியேசர் பிளாக்குக்கு அனுப்பிவந்தார். பிளாக்கின் சேகரிப்பில் எஞ்சியவை இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. மீன்களோடு மீனவர் சொன்ன பெயர்களும் சென்றன என்பதற்கு, 1793இல் பிளாக் சூட்டிய 'ஜானியஸ் கருட்டா' என்ற பெயரே சான்று. முதற்சொல் அனுப்பியவரைக் குறிக்க, இரண்டாவது சொல், காவிரிக் கரையோரச் சந்தைகளில் அன்றாடம் கூவி விற்கப்படும் கறுத்த கத்தாழை என்ற மீன்பெயரின் முன்பாதியாகிய 'கறுத்த' என்பதன் இலத்தீன் உருவமாகும்.

பனையில் கண்ட மீன்

ஐரோப்பியரை மிகவும் வியக்கவைத்த தரங்கம்பாடி உயிரினம் பனையேறிக் கெண்டை. டேனியப் படையதிகாரியான டால்டார்ஃப், 1791 நவம்பரில் குளத்தோரப் பனையொன்றின் பட்டைப் பிளவில், நீர்மட்டத்துக்குச் சுமார் 5 அடி உயரத்தில் இம்மீனைக் கண்டதாக எழுதிய குறிப்பு, 1797இல் இலண்டன் லின்னேயச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதைக் கருத்தில் கொண்டால், வாய்க்கால் வழிந்து வரப்பு நனைந்து மீன்கள் குளத்தைவிட்டு வயலுக்கு ஏறும் பருவத்தில்தான் அவர் அதைக் கண்டார் என்பது விளங்கும். செவுள்களுக்கு மேல், இரத்தக் குழாய்கள் நிறைந்த மடிப்புகளாக அமைந்த உறுப்பொன்றால் இது காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். முள் விளிம்புடைய செவுள்மூடிகளை விரித்து ஈரமண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, மீண்டும் ஊன்றித் தரையில் நகர்கிறது. பனையின் உச்சிக்கு ஏறும் திறன் அதற்கில்லை என்றும், மரங்களில் காணப்பட்டவை பறவைகள் தவறவிட்டவையாக இருக்கலாம் என்றும் பிற்கால ஆய்வாளர்கள் கருதினாலும், பெயர் நிலைத்துவிட்டது. விந்தையான இவ்வுயிர் அரிதானதன்று. விந்தையும் அருமையும் வெவ்வேறு என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

வாலே தலையாகத் தோன்றும் பாம்பு

ஜான் அனுப்பிய மாதிரியைக் கொண்டு இயற்கையியலாளர் பேட்ரிக் ரசல் 1801இல் விவரித்து, ஜானின் பெயரையே சூட்டிய பாம்பு, தமிழகத்தில் மண்ணுளிப் பாம்பு, இருதலை மணியன் என வழங்குவது. நஞ்சற்றதும் தளர்ந்த மண்ணுக்குள் புதைந்து வாழ்வதுமான இது, அச்சுறுத்தப்பட்டால் தலையை உடற்சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு, தலைபோலவே மழுங்கியிருக்கும் வாலை உயர்த்திக் காட்டுகிறது. எதிரியின் தாக்குதலை உயிர்நிலையிலிருந்து விலக்கும் இந்தத் தந்திரத்தைத்தான் மக்கள் இரண்டு தலைகள் எனப் புரிந்துகொண்டனர். எதிரியை ஏமாற்றிய வால் மனிதரையும் ஏமாற்றியதன் விளைவு கொடியது: செல்வம் தரும், தீராத நோய் தீர்க்கும் என்ற பொய்களை நம்பிக் கள்ளச்சந்தையில் பெருந்தொகை பேசப்பட, எலிகளைத் தின்று உழவர்க்கு உதவும் பாம்பு, சட்டப் பாதுகாப்பு இருந்தும் சாக்குகளில் கட்டிக் கடத்தப்படுகிறது.

வேளாவும் புதுச்சேரிச் சுறாவும்

தரங்கம்பாடிக்குச் சற்று வடக்கே உள்ள புகாரைப் பாடும் பட்டினப்பாலை, பரதவர் சினைச்சுறாவின் கோட்டை (கொம்பை) நட்டுத் தெய்வமாக வழிபட்டதைக் குறிப்பிடுகிறது. சுறாவுக்குக் கொம்பு கிடையாது என்பதால், அக்கோடு வேளா மீனின் வாள்போன்ற முகநீட்சியாகவே இருக்க வேண்டும் என்பது பொருந்தும் விளக்கம். சுறாவைப்போலத் தோன்றினாலும் வேளா திருக்கை இனத்தைச் சார்ந்தது, குட்டி ஈனுவது, சில வகைகள் 6 மீட்டருக்கும் மேல் வளர்பவை. இரையின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்புலத்தை உணர்ந்தறியவும், கூட்டமாக வரும் மீன்களை வீசி அடிக்கவும் உதவுகின்ற இருபுறமும் பல்வைத்த அந்த வாளே, நைலான் வலைகளும் இழுவை மடிகளும் பெருகிய காலத்தில் அதற்கு எமனாயிற்று. வலையின் கண்ணில் ஒரு பல் சிக்கினால் திமிறத் திமிற மற்றவையும் சிக்கிக்கொள்ளும். மெதுவாக வளர்ந்து, சில குட்டிகளை மட்டுமே ஈனும் உயிரினத்தால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. 2001இல் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு நிகரான காப்போடு வேளா சேர்க்கப்பட்டது; ஆயினும் முன்னோர் தெய்வமாக நட்ட கோட்டை உயிருள்ள மீனில் காண்பது இன்று மிக அரிது.

அதே ஆண்டில் அதே அட்டவணையில் இடம்பெற்ற புதுச்சேரிச் சுறாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 1839இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 1 மீட்டர் நீளமே உள்ள இச்சுறாவின் உடல்கள் உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இருபதுக்கும் குறைவு. அவற்றுள் கடைசியானது 1979இல் கிடைத்தது. சட்டத்தின் காப்பு வந்து சேர்ந்தபோது, காப்பதற்கு அது கடலில் இருந்ததா என்பதே கேள்விக்குரியதாகிவிட்டது.

பெயருக்கும் அழிவுக்கும் இடையே

கோனிக் தரங்கம்பாடியில் இறங்கிய அதே 1768இல், வட பசிபிக்கின் பெரிங் தீவருகே ஸ்டெல்லர் கடற்பசுவின் கடைசி உயிர் வேட்டையாடப்பட்டது. அறிஞர் ஒருவர் கண்ணில் அது முதன்முதலாகப் பட்ட 1741இலிருந்து அழியும் வரை இடைவெளி 27 ஆண்டுகளே. அதன் உறவினமான ஆவுளியா, காவிரிப் படுகையின் தென்முனைக்கு அப்பால் பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் இன்னும் மேய்கிறது; தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதன் காப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. வலையில் சிக்கியதைக் கரைக்குக் கொண்டுவராமல் விடுவிக்கும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்படுவதே இம்முயற்சியின் உயிர்ப்பான பகுதி.

பெயர் சூட்டுவதும் அட்டவணையில் சேர்ப்பதும் நகரங்களில் நடப்பவை. ஓர் உயிர் பிழைக்குமா என்பது கடலில், வலை மேலெழும் சில நிமிடங்களில் முடிவாகிறது. பிளாக்குக்குக் கத்தாழையின் நிறத்தைச் சொல்லிக் கொடுத்த கரைக்கு அந்த நிமிடங்கள் பழக்கமானவை; விலையுயர்ந்த வலையை அறுத்து வேளாவை விடுபவருக்கு அந்த வலையின் விலை திரும்பக் கிடைக்குமானால், அக்கோடு கோயிலில் நடப்படாமல் கடலிலேயே நீந்தும்.