உங்களுக்குத் தெரியுமா? ஆயில் விளக்கும் ஒற்றை வயர் சுவிட்சும்

பழைய கார்கள் பலவற்றில் டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கை இயக்குவது, இன்ஜினில் திருகியிருக்கும் ஒற்றை வயர் சுவிட்ச்தான். ஆயில் அழுத்தம் ஏறினால் உள்ளிருக்கும் சவ்வு நகர்ந்து மின்தொடர்பைத் துண்டிக்கும், விளக்கு அணையும்.

ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தாலும் சுவிட்ச்மேல் பழி போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். கேஜ் மாட்டி உண்மையான அழுத்தத்தைப் பார்த்தாக வேண்டும். வயர் மாட்டும் முனையில் ஆயில் கசிந்தால் சுவிட்ச் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம்! இந்தச் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். எர்த் போனால், அழுத்தம் அடியோடு விழுந்தாலும் விளக்கு எரியாது. புதிதை மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள்: விளக்கு எரிய வேண்டும்.