எந்தக் கப்பல் பெரிசு என்று கேட்காதீர்கள்

கடலில் நாலு நாள் விடுமுறை கழிக்கக் கிளம்புகிறவர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "எந்தக் கப்பல் சார் பெரிசு?" செல்போனில் சறுக்கு மரம், நீச்சல் குளம், தியேட்டர் என்று படங்களைத் தள்ளிக் காட்டுவார்கள். பணத்தை யார் பெயருக்குக் கட்டினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது.

பெரிசு என்பதையே முதலில் பார்ப்போம். விளம்பரத்தில் வரும் டன் கணக்கு எடையல்ல, கப்பலுக்குள் இருக்கும் கொள்ளளவு. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் த சீஸ்' 2,48,663 டன். அறைக்கு இருவர் வீதம் 5,610 பேர் ஏறினால் தலைக்கு 44 டன் இடம். விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளோடு சேர்த்து உச்ச அளவான 7,600 பேர் ஏறிவிட்டால் அதுவே 33 ஆகச் சுருங்கிவிடும். கிட்டத்தட்ட லட்சம் டன் சிறியதான 'குயீன் மேரி 2'-இல் 2,691 பேருக்குத் தலைக்கு 55 வருகிறது. சாப்பாட்டுக்கும் லிஃப்டுக்கும் வரிசை எவ்வளவு நீளும் என்பதை இந்த வகுத்தல்தான் சொல்லும். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல் என்றால், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 100-க்குப் போடும் சுகாதார மதிப்பெண்ணையும் இணையத்தில் பாருங்கள். 85-ம் அதற்குக் கீழும் தோல்வி.

இனி காகிதங்கள். ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழகான படம் டிக்கெட் ஆகாது. கப்பல் கம்பெனியின் முன்பதிவு எண்ணை வாங்கி, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் வராவிட்டால் மீதிப் பணம் கட்டாதீர்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தெரிந்தவர், அக்கா வீட்டுக்காரரின் நண்பர் என்பதெல்லாம் ரசீது ஆகாது.

விசாவிலும் இதே அலட்சியம். கிரீஸில் கப்பலேறி, துருக்கியின் குஷாடாசியில் இறங்கிப் பார்த்துவிட்டு கிரீஸுக்கே திரும்புவதென்றால் ஒரே நுழைவுக்கான ஷெங்கன் விசா போதாது. பலமுறை நுழைவு கேட்க வேண்டும். கப்பல் கிளம்பும் நாள் காலையில் போய் இறங்கும் விமானத்தில் சீட்டு எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் பெரும்பாலும் திரும்பாது.

டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. வழியில் ஒரு துறைமுகத்தைக் கைவிடும் உரிமையைக் கம்பெனி அதில் எழுதி வைத்துக்கொள்ளும். வழக்கை எந்த ஊரில் போடலாம் என்பதும் அதில்தான் இருக்கும். இப்படி ஊரைக் கட்டிப்போடும் விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில், காயம்பட்டவர் 6 மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது வழக்கமான விதி. ஊர் திரும்பி ஆற அமர யோசிக்கலாம் என்று இருந்தால் கெடு போய்விடும். வழுக்கி விழுந்தால் அன்றே விருந்தினர் சேவை மேசையில் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள், கப்பல் மருத்துவரின் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அந்த மருத்துவச் செலவு உங்கள் கேபின் கணக்கில்தான் ஏறும். ஆகவே கடல் பயணத்துக்கும் செல்லும் மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஏஜெண்ட் ஏமாற்றினால் வழக்குப் போட மயாமிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் பதிவு எண் வாங்குங்கள். பிறகு ஏஜெண்டுக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் மனு. ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு, பிரமாணப் பத்திரம் எல்லாம் இணைக்க வேண்டும். ஏஜெண்டையும் கப்பல் கம்பெனியையும் சேர்த்தே எதிர்மனுதாரர் ஆக்குங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு.

முன்பதிவே செய்யாமல் பணத்தை விழுங்கியிருந்தால் அது மோசடி. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இந்த ஒரு வசனத்தை மட்டும் எல்லா ஸ்டேஷனிலும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் வெளியே வராதீர்கள். பணம் ஆன்லைனில் போயிருந்தால் அதற்கும் முன்னால், தெரிந்த அந்த நிமிடமே, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு ஏஜெண்ட் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார். அது உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய பணம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, அந்தத் தொகை வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஏஜெண்ட் அதை அரசுக்குக் கட்டவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். அப்போதும் உங்களிடம் கேட்கப்போவது அந்த ஜி.எஸ்.டி. ரசீதைத்தான்.